விலைக்கு வந்த நாற்சார் வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை வாங்கிப் பார் என்று அவர்கள் சொன்னாரில்லை. அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் விலை பேசி வாங்கும் பொருளாய் இருந்ததில்லை. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாய் வந்து, மகளிடமிருந்து பேர்த்திக்குப் போய்ச் சேர்வதே அதன் வழக்கமான பயணம். மணமகன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். ஆதலின், ஒரு குடும்ப வீடு பணத்துக்கு விலைப்படுகிறது என்றால், அக்குடும்பத்தின் கதையில் ஓர் அத்தியாயம் முடிகிறது என்றே ஊரார் கருதினர்.

இன்று அத்தகைய அத்தியாயங்கள் ஒழுங்கைக்கு ஒன்றாய் முடிந்து வருகின்றன. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் கடல் கடந்த பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். ஊரிலிருந்த தாய் தந்தையரும் காலமாயினர். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முற்றம் கூட்ட ஒருவரையும், விளக்கு வைக்க ஒருவரையும் தேடிக் களைத்த பின்னர், தரகரிடம் திறப்பைக் கொடுத்துவிடுகின்றனர்.

அவ்வாறு விலைக்கு வந்த ஒரு நாற்சார் வீட்டை நாமும் பார்க்கப் புறப்பட்டோம். கோண்டாவிலில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் நம்முடையது. வயது முதிர்ந்த தாயாரும், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் நம்மோடு உள்ளனர். முதுசமாய் வந்த தோட்டக்காணியொன்றை விற்ற பணமே நம் கையிருப்பு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செலவிடக்கூடிய பணம் அது. ஆகவே கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவதைக் கண்டு மயங்கிவிடாமல், ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கிருந்தது.

ஒழுங்கையும் அயலும்

வீடு இருப்பது நல்லூரில். பருத்தித்துறை வீதியில் முத்திரைச் சந்திக்கு அண்மையில் பிரியும் ஓர் ஒழுங்கையில் ஐந்து நிமிடம் நடந்தால் அதனை அடையலாம்.

நல்லூரைப் பற்றி நம் வாசகர்களுக்கு நீளச் சொல்ல வேண்டியதில்லை. 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கிய இடம் இது. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன் என்று நாற்றிசையும் கோயில் காவல் கொண்ட நகரம். அரசிருக்கை அழிந்து நானூறு ஆண்டுகள் கழிந்தும், சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி, மந்திரிமனை என்னும் பெயர்கள் அஞ்சல் முகவரிகளிலும் முச்சக்கர வண்டிக்காரரின் வாயிலும் இன்றும் வழங்குகின்றன. ஆயினும், பெயர் பெற்ற ஊர் என்பதற்காக மட்டும் வீடு வாங்குதல் தகாது. பெயர் பெற்ற மனையும் ஆள் வாழாது விட்டால் என்ன கதியடையும் என்பதற்கு, பாழடைந்து நிற்கும் மந்திரிமனையே அவ்வயலில் சாட்சியாய் உள்ளது.

நாம் முதலில் கவனித்தது ஒழுங்கையின் அகலம். எதிரெதிரே வரும் இரு முச்சக்கர வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நின்றால்தான் மற்றது கடக்கும். நள்ளிரவில் தாயாரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் வண்டி படலைவரை வருமா என்பதே நம் முதற் கேள்வி. வரும், ஆனால் திரும்ப இடமில்லை, பின்னோக்கியே செல்லவேண்டும். அடுத்த கேள்வி, அவ்வொழுங்கை யாருடையது என்பது. மாநகரசபையின் பொறுப்பிலுள்ள பொது வழியாயின் கவலையில்லை. தனியார் காணிக்கூடாகச் செல்லும் வழியாயின், வழியுரிமை உறுதியில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வருங்காலத்தில் வீதியை அகலிப்பதற்கென ஒதுக்கிய கோடு காணிக்குள் விழுகிறதா என்பதையும் மாநகரசபையில் சான்றிதழ் பெற்று அறிந்துகொள்ளலாம்.

இவ்வொழுங்கையில் ஒரு காலத்தில் இருமருங்கும் கிடுகு வேலிகள் நின்றன. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாய் வேரூன்றி நிழல் தந்தன. இன்று ஒன்றிரண்டு தவிர யாவும் சீமெந்து மதில்களாகிவிட்டன. மதில் பாதுகாப்பானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேலி செய்த ஒரு வேலையை மதில் செய்வதில்லை. மழைவெள்ளம் வேலியின் அடியால் வளவுக்கு வளவு பரவித் தாழ்ந்த நிலத்தை நாடிச் சென்றது. மதிலோ அதனை மறித்து ஒழுங்கையிலேயே தேக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் வீடு பார்ப்பவர் கோடையிற் பார்த்து முடிவு செய்யலாகாது. கார்த்திகை மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தல் வேண்டும். அது இயலாவிடின், அயலார் மதிலில் நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று நோக்கினாலே போதும். 2008 கார்த்திகையில் நிஷாப் புயலோடு வந்த பெருமழையில் வெள்ளம் நின்ற அடையாளத்தை எதிர்வீட்டுப் பெரியவர் நமக்குக் காட்டினார். நாம் பார்க்க வந்த வீட்டின் அத்திவாரம் அதற்கு மேலே ஒரு முழம் உயர்ந்திருந்தது. முன்னோர் மழையை அறிந்து கட்டியிருந்தனர்.

பிள்ளைகளின் வசதியையும் எண்ணினோம். திருநெல்வேலியில் 1974இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகமும், நகரின் பெரிய பாடசாலைகளும் சைக்கிளில் செல்லக்கூடிய தூரமே. மரக்கறிக்குக் கல்வியங்காட்டுச் சந்தை உண்டு. மாலையில் தாயார் கந்தசுவாமி கோயிலுக்கு ஆறுதலாய் நடந்து போய் வரலாம். ஆடி ஆவணியில் 25 நாள் மகோற்சவம் நடைபெறுங் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்படும்; ஒலிபெருக்கியும் சனக்கூட்டமும் இருக்கும்; வெளிநாட்டு உறவினர் விருந்துக்கு வருவர். அதனைத் தொல்லை எனக் கருதுவோர் அவ்வயலில் வீடு வாங்காதிருத்தல் நன்று. நம் வீட்டாரிடம் கேட்டபோது, அந்த 25 நாளுக்காகவே அங்கு குடியேறலாம் என்றனர்.

வீட்டின் உள்ளே

பழைய வளவுகளின் முகப்பில் சங்கடப் படலை என்று ஒன்று இருந்தது. கூரை வேய்ந்த அவ்வாயிலில் வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவர். சில வீடுகளில் அவர்கள் அருந்தப் பானையில் தண்ணீரும் வைக்கப்பட்டிருக்கும். இவ்வீட்டில் அதன் தூண்கள் இரண்டு மாத்திரம் எஞ்சியிருக்க, நடுவே இரும்புப் படலை பூட்டப்பட்டுள்ளது.

முன்விறாந்தையைக் கடந்தால் வீட்டின் நெஞ்சம் போன்ற உள்முற்றம். நாற்புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்தைச் சுற்றி அறைகள், நடுவே வானம். நாற்சார் வீடு என்று பெயர் வந்தது இதனாலேயே. பகலில் எந்த அறையிலும் விளக்கேற்ற வேண்டியதில்லை. வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழ, வெளியிலிருந்து காற்று அறைகளினூடே உள்ளே வருகிறது. சித்திரை வெயிலிலும் அந்தத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்கலாம். மிளகாயும் ஒடியலும் உலர்ந்ததும், மணவறை எழுந்ததும், இறுதியாய்ப் பெரியவர்களைக் கிடத்தியதும் அம்முற்றத்தில்தான்.

அழகைக் கண்டபின் பழுதைத் தேடினோம். நாற்சார் வீட்டில் பழுது எங்கிருக்கும் என்பதை ஒரு முதிய தச்சர் நமக்கு முன்னரே சொல்லியிருந்தார். நான்கு கூரைகள் உள்முற்றத்தை நோக்கிச் சரிவதால், இரண்டிரண்டாய்ச் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் மழைநீர் திரண்டு பாயும். அங்குள்ள தகரப் பீலி துருப்பிடித்தால் நீர் மரத்தில் இறங்கும். வைரம் பாய்ந்த பனஞ் சிலாகை, நனையாதிருக்கும்வரை தலைமுறைகளைத் தாங்கும். ஓயாது நனைந்தால் அதுவும் உக்கும். ஏணி வைத்து ஏறி, சிறு கத்தியால் ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்த்தோம். மூன்று மூலைகளில் கத்தி இறங்கவில்லை. வடமேற்கு மூலையில் விரல் நீளத்துக்கு இறங்கியது. அந்த மூலையின் கூரையைக் கழற்றிப் புதுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்டவை. அவற்றின் பருமன் ஒரு முழத்துக்குக் குறையாது. மேற்கு அறையின் சுவரை மட்டும் பிற்காலத்தில் யாரோ சீமெந்தினால் பூசியிருந்தனர். அங்கேயே பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து கிடந்தது. சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். பழைய வீட்டைத் திருத்துவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். புதுமை செய்வதாய் எண்ணிச் செய்யும் வேலையே சில வேளை சுவரைக் கெடுத்துவிடுகிறது.

தென்புறச் சுவரில் சன்னம் பாய்ந்த குழிகள் சீமெந்தால் அடைக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கூரையின் ஓடுகள் ஏனையவற்றிலும் புதியவை. எப்போது விழுந்தது என்று நாம் கேட்கவில்லை. இவ்வூரில் அக்கேள்விக்கு ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்லும். 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறித் தென்மராட்சிக்குச் சென்றபோது, இவ்வீட்டுத் தாயாரும் உறுதிக்கட்டைத் துணியிற் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார் என்று அயலார் கூறினர். நகையை மறந்தார்; உறுதியை மறக்கவில்லை.

கிணறு

கோடிப்புறத்துக் கிணற்றடியில் நாம் நின்றபோது, பக்கத்து வளவிலிருந்து ஓர் ஆச்சி வாளியோடு வந்தார். மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விடப்பட்டிருந்தது. முன்னர் வேலியாய் இருந்த காலத்தில் பெண்கள் போக வர வைத்திருந்த பொட்டு, மதில் எழுந்த பின்னரும் மூடப்படாமல் நிலைத்திருக்கிறது. ஆச்சி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், வீடு வாங்கவோ வந்தனீங்கள்? ஆர் வாங்கினாலும் எனக்குக் காரியமில்லை. பின்னேரத்திலை விளக்குக் கொளுத்துற ஆக்கள் வாங்கினாச் சரி" என்றார். சற்று நின்று, "இந்தக் கிணத்திலை எனக்கும் பங்கிருக்கு, தெரியுமோ?" என்று கேட்டார்.

அதன் காரணம் பின்னர் விளங்கிற்று. ஆதியில் இவ்வளவு எட்டுப் பரப்பாய் இருந்தது. மூத்த மகளுக்குச் சீதனம் எழுதியபோது நான்கு பரப்புப் பிரிந்தது. கிணறு மட்டும் இரு பகுதிக்கும் பொதுவாயிற்று. அந்த மூத்த மகளின் வழியில் வந்தவரே ஆச்சி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதை மாணவர் அறிவர். தலைமுறைக்கு ஒருமுறை வளவைப் பிரித்துப் பிரித்து, ஓர் ஏக்கரில் இருந்த ஒரு வீட்டின் இடத்தில் இன்று எட்டு வீடுகளும் எட்டு மலக்குழிகளும் அமைந்துவிடுவது உண்டு.

இது நீரோடு தொடர்புடைய காரியம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரிமழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி நீரிறைத்தால் உவர் மேலே வரும். வெடிப்பு நிறைந்த பாறை மணலைப்போல் அழுக்கை வடிகட்டாது. தோட்டத்துக்கு இட்ட பசளையும், மலக்குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேர்கின்றன. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று அகலாது, நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு விளைவிக்கும்.

ஆகவே கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று வரம்புக்கு உட்பட்டே இருந்தது. எனினும் வரம்பை அண்மித்திருந்தது. பின்னர் அடிக்கணக்கில் அளந்து பார்த்தோம். ஆச்சி வீட்டு மலக்குழி தூரத்தில் உள்ளது. பின்வளவில் புதிதாய் எழுந்த வீட்டின் குழியோ மதிலோரத்திலேயே உள்ளது. நீர் இன்று நன்று. நாளைக்கும் நன்றாய் இருக்க வேண்டுமாயின், அவ்வயலவரோடு இன்முகமாய்ப் பேசிக் குழியை அடியும் சுவரும் கட்டி அடைக்கச் செய்ய வேண்டும். அயலாரோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு நல்ல தண்ணீரும் நிலைக்காது என்பதை அங்கே உணர்ந்தோம்.

உறுதி

வீட்டைக் கண்ணால் பார்த்தாயிற்று. உறுதியை நொத்தாரிசின் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் காணிகளை ஆள்வது தேசவழமைச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி ஊர் வழக்கங்களைக் கேட்டெழுதித் தொகுத்த அச்சட்டம், இன்றும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று குடும்பச் சொத்தை வகுத்து நோக்குகிறது.

இவ்வீடு அந்தத் தாயாருக்குச் சீதனமாய் வந்தது. அவர் மரணசாதனம் எழுதாமலே காலமானார். ஆதலின் பிள்ளைகள் மூவரும் பங்காளிகள். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் கொழும்பில். அவர்களுள் ஒருவர் தனியாகத் தம் பங்கை விற்க முன்வந்து, விலை மலிவென்று நாம் வாங்கிவிட்டால், சிக்கல் அங்கே தொடங்கும். 1947ஆம் ஆண்டின் முன்னீட்டுரிமைச் சட்டப்படி, பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் வாங்குவதில் முதலுரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடாமல் பிறருக்கு விற்றால் வழக்காகலாம். மூவரும் ஒருங்கே ஒப்பமிடுவதே பழுதற்ற வழி.

வெளிநாட்டிலிருப்போர் அற்றோர்ணித் தத்துவம் அனுப்பி விற்பது இன்று பெருவழக்கு. அந்தத் தத்துவம் மெய்யானதா, இலங்கையில் பதியப்பட்டுள்ளதா, எழுதிக்கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பவற்றை நோக்காமல் முற்பணம் கொடுத்து மனம் நொந்தோர் பலர். தரகர் காட்டும் பிரதியைக் கண்டு திருப்தியடையாமல், உரியவரோடு நேரிற் பேசுதல் நன்று. தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் காலம் இது, அதற்குச் செலவுமில்லை.

எல்லைகளையும் நோக்கினோம். பழைய உறுதியில் எல்லை என்பது அயலவரின் பெயர். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் வளவு, மேற்கு இன்னார் பங்கு என்றிருக்கும். அப்பெயருடையோர் காலமாகி இரண்டு தலைமுறை ஆயிற்று. உறுதியில் நான்கு பரப்பு. நம் கண்ணுக்கோ பின்மதில் சற்று உள்ளே வந்திருப்பதாகத் தோன்றிற்று. நில அளவையாளர் வந்து அளந்து புதிய படம் வரையும்வரை விலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானித்தோம்.

நிறுத்துப் பார்த்தபோது

தரகர் சொன்ன விலை பரப்புக்கு இவ்வளவு என்பதே. வீட்டுக்கு என்ன விலை என்று கேட்டோம். அவர் சிரித்து, "வீட்டுக்கு விலையில்லை, காணிக்குத்தான் விலை. இன்னொருவர் இடித்துப்போட்டு விடுதி கட்டக் கேட்கிறார்" என்றார். மூன்று தலைமுறையைத் தாங்கிய கூரை சந்தைக் கணக்கில் ஒரு சதமும் பெறவில்லை. விடுதி கட்டுபவரின் கணக்கிலோ அது குறைந்த பெறுமதியே. இடிக்கும் கூலியை விலையிற் கழிக்கக் கேட்டாராம்.

நம் தராசில் இருபுறமும் பாரம் இருந்தது. ஒருபுறம் குறுகிய ஒழுங்கை, உக்கிய மூலைக் கூரை, எல்லை மயக்கம், மதிலோரத்து மலக்குழி. மறுபுறம் வெள்ளம் ஏறாத அத்திவாரம், குடிக்கத்தக்க நீர், கோயிலும் பள்ளியும், விளக்கெரிய வேண்டுமென்று கேட்கும் அயல். கூரையைப் பணத்தால் திருத்தலாம். நீரும் அயலும் உரிமையும் கெட்டிருந்தால் பணத்தால் திருத்துவது அரிது. இவ்வீட்டிற் கெட்டிருந்தது பெரும்பாலும் திருத்தக்கூடிய பகுதியே என்று கண்டோம்.

ரொறன்ரோவிலுள்ள மூத்த சகோதரியோடு பேசினோம். விடுதிக்காரர் கேட்ட விலையை அவர் அறிவார். நம்மால் அதனிலும் சற்றுக் குறைவாகவே கொடுக்க முடியும் என்பதையும் ஒளிக்காமற் சொன்னோம். அவர் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சி, முற்றத்துக்கு மேலாலை தகடு போட்டு மூடுவியளோ?" என்று நம் வீட்டாரைக் கேட்டார். இப்போது பலர் ஒளி புகும் தகட்டால் உள்முற்றத்தை மூடிவிடுகின்றனர். மழைத் தொல்லை தீர்கிறது, காற்றும் போய்விடுகிறது. மூடமாட்டோம் என்றோம். தம்பிமாரோடு கலந்து பேசி அறிவிப்பதாகச் சொன்னார். இரண்டு நாளில் மூவரின் சம்மதமும் வந்தது.

நாம் வைத்த நிபந்தனைகள் நான்கு. மூவரும் ஒரே உறுதியில் ஒப்பமிடல் வேண்டும். அளவையாளரின் புதிய படம் உறுதியோடு இணைக்கப்படல் வேண்டும். வடமேற்குக் கூரையின் செலவு விலையிற் கழிக்கப்படல் வேண்டும். ஆச்சியின் கிணற்றுப் பங்கும், மதிலிலுள்ள பொட்டால் வந்துபோகும் வழியும் புதிய உறுதியில் மறுபடி எழுதப்படல் வேண்டும். நான்காவதைக் கேட்ட நொத்தாரிசு வியந்தார். வாங்குபவர் பிறருடைய உரிமையைத் தாமே எழுதக் கேட்பது அரிது என்றார். நம் கணக்கு வேறு. அந்தப் பொட்டை அடைத்துவிட்டால் நமக்குக் கிடைப்பது இரண்டடி மதில். இழப்பது, நாம் வீட்டிலில்லாத வேளையில் தாயாரை எட்டிப் பார்க்கும் ஓர் ஆச்சியை.

வீடு தேடும் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. மழைகாலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறுதியின் பின்னாலுள்ள மனிதர் எல்லோரையும் கண்டு பேசுங்கள். அயலவர் உங்களை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். சுவரின் நிறத்தைக் கடைசியில் பார்த்தாற் போதும். விற்க எண்ணும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போதே மரணசாதனத்தையும் பங்குகளையும் ஒழுங்கு செய்துவிடுங்கள். கடல் கடந்த பிள்ளைகள் பின்னர் ஒருவரையொருவர் குறைகூற அது இடம் வைக்காது.

தை பிறந்ததும் உறுதி எழுதுவதென முடிவாயிற்று. அதற்கு முன் தச்சர் வந்து வடமேற்கு மூலையின் ஓடுகளைக் கழற்றத் தொடங்குவார். திறப்பு இப்போதைக்கு ஆச்சியிடமே இருக்கிறது.